ருசி பார்க்காத கொய்யா பப்ஸ்

அப்பா போனில் பேசியது மூன்று வரிதான். "வருஷம் திரும்புதும்மா. மாப்ளய இட்டுகினு வந்துடு. சம்பந்தியம்மாவுக்கு நம்ம வூட்லதான் படையல் போடணும்."

சம்பந்தியம்மா என்று அவர் சொன்னது என் மாமியார் மிர்த்தாவை. கியூபாவில் ஒரு சர்க்கரை ஆலை ஊரில் பிறந்து, அமெரிக்காவில் டாம்பா நகரத்துக்கு வந்து பிள்ளைகளை வளர்த்தவர். போன தை மாதம் என் தங்கை கல்யாணத்துக்காக நானும் என் கணவன் ராமோனும் நெய்வேலிக்கு வந்திருந்தோம். தாலி கட்டிய மூன்றாம் நாள், மறுவீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவன் அக்காவிடமிருந்து போன் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அம்மாவை அவன் சவப்பெட்டியில்தான் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ராமோன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலை. காலையில் போவான், இரவு வருவான், சாப்பிடுவான், தூங்குவான். நெய்வேலியில் அப்பாவுக்கு வேறு நோய். தன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டதால்தான் பிள்ளை கடைசியாகத் தாயின் முகம் பார்க்க முடியாமல் போனது என்று அவர் மருகிக்கொண்டே இருப்பதாக அம்மா போனில் கிசுகிசுப்பாள். ஒருவர் வாயைத் திறக்கவில்லை, இன்னொருவர் மூடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான்.

"அந்தம்மாவுக்கு என்னா புடிக்கும்னு கேளு," என்றார் அப்பா அடுத்த போனில். எங்கள் பக்கத்தில் படையல் என்றால் அதுதான் கணக்கு. போனவர் விரும்பிச் சாப்பிட்டது இலையில் இருந்தாக வேண்டும். பிராந்தி குடித்தவருக்கு பிராந்திகூட வைப்பார்கள்.

ராமோன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "கொய்யா பாஸ்தெலீத்தோ," என்றான். "அம்மா செய்வது போல."

அடுக்கடுக்காக உதிரும் மாவுக்குள் கொய்யாப் பழத்தை அல்வா பதத்துக்குக் கிளறி வைத்துச் சுடுகிற பலகாரம் அது. பிறந்த நாள், ஞானஸ்நானம், துக்க வீடு, எதற்கும் கியூபாக்காரர்கள் கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். மிர்த்தா மட்டும் கடைப் பண்டத்தைத் தொடமாட்டார். மாவைத் தானே மடித்து, பழத்தைத் தானே கிளறி, கரண்டியில் எடுத்து ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டு, மறுபடி ருசி பார்ப்பார். அளவு என்று ஒன்றை எழுதி வைக்கவே இல்லை. அவருடைய அளவெல்லாம் நாக்கில் இருந்தது.

ராமோன் ஒரு பெட்டி நிறையக் கொய்யாக் கட்டிகள் வாங்கி அடுக்கினான். அங்கே அது சோப்புக்கட்டி போலக் கிடைக்கும். அந்தப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாப் பெட்டியும் சென்னையில் வந்து இறங்கியது. நாலு நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். படையலோ மூன்றாவது நாளே.

கடலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் ராமோனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "சார் பீகாருங்களா?" கியூபா என்றேன். "அது எந்தப் பக்கங்க, ஒரிசா தாண்டியா?" என்றார். ஆமாம், ரொம்பத் தாண்டி என்று சொல்லிவைத்தேன்.

நெல்லிக்குப்பத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு டிரெய்லர் சாய்ந்து பாதி கரும்பு ரோட்டில் கிடந்தது. முக்கால் மணி நேரம் யாரும் யாரையும் திட்டவில்லை. ஆளுக்கொரு கரும்பை ஒடித்து மென்றுகொண்டு இருந்தார்கள். ஆலைப் பக்கமிருந்து வெல்லப்பாகு லேசாகப் புளித்தது போன்ற வாசனை வந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாசனை. ராமோன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அதை இழுத்து இழுத்து முகர்ந்தான்.

"அவள் பிறந்த ஊர் இப்படித்தான் நாறும் என்பாள்," என்றான்.

அந்தப் பலகாரப் பேச்சைத் தவிர, ஒரு வருடத்தில் அவன் வாயிலிருந்து அம்மாவைப் பற்றி வந்த முதல் வாக்கியம். மேலே ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஆரத்தி எடுக்கலாமா என்று அவளுக்கே சந்தேகம் வந்து தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து ராமோன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி வராத கதையைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொய்யாப்பழத்துக்கா பொட்டி கட்டிகினு வந்தீங்க? பின்னாடி மரத்துல அணிலு தின்னு மாளல."

அப்பா மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எட்டு மாதம். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் மருமகனைப் பார்த்து, "வாங்க மாப்ள," என்றார். நேரே பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினார்.

மறுநாள் காலை ராமோன் தானே கடைக்குப் போய் மைதாவும் வெண்ணெயும் வாங்கி வருவதாகச் சொன்னான். ஆறு வருட மாப்பிள்ளை, ஆட்டோவில் போய் ஆட்டோவில் வரத் தெரியாதா என்று அனுப்பிவிட்டேன். போகத் தெரிந்தது. வரும்போது ஆட்டோ எதற்கு, பஸ் நிற்கிறதே என்று ஏறிவிட்டான். அது கம்பெனியின் ஷிஃப்ட் பஸ். டாம்பாவில் பஸ் என்றால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். இங்கேயும் அவனை யாரும் கேட்கவில்லை, வட இந்தியக் கான்ட்ராக்ட் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்து இடம்கூடக் கொடுத்தார். பஸ் ஒவ்வொரு பிளாக்காகச் சுற்றிவிட்டு நேராக மைன்ஸ் கேட்டில் போய் நின்றது.

செக்யூரிட்டி அவனிடம் இந்தியில் பாஸ் கேட்டார். இவன் தமிழில் தனக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளையும் வரிசையாகச் சொன்னான். "சரி. போதும். வாங்க." செக்யூரிட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. பையைத் திறக்கச் சொன்னால் உள்ளே ஒரு கிலோ வெண்ணெய். கடைசியில் இவன் போனில் அப்பாவின் படத்தைக் காட்ட, டீ குடித்துக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் அடையாளம் கண்டுபிடித்தார். "அட, நம்ம கன்வேயர் அண்ணன் மாப்ளடா! போன வருஷம் கல்யாணத்துல வேட்டி அவுந்து நின்னாரே, அவருதான்."

போன் வந்ததும், லீவு போட்டு வீட்டில் இருந்த அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் ராமோனுக்கு இரண்டு டீயும் ஒரு வடையும் ஆகியிருந்தது. வெண்ணெய் உருகாமல் இருக்க யாரோ அதைத் தண்ணீர் கேனோடு சேர்த்து ஈரத்துணியால் கட்டி வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது வண்டியில் பேசிக்கொள்ள இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆனால் இறங்கும்போது அப்பா வெண்ணெய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

மதியம் அடுப்படியில் நிஜமான வேலை ஆரம்பித்தது. கொய்யாவை வேகவைத்து, மாவு சல்லடையில் தேய்த்து, கொட்டையை நீக்கி, சர்க்கரை போட்டுக் கிளறினோம். சிவப்புக் கொய்யா. வாணலியில் அது குழைந்து வரும்போது வீடு முழுக்க வாசம். ராமோன் மரக்கரண்டியில் துளி எடுத்து, ஊதி, வாய்க்குக் கொண்டுபோனான்.

"மாப்ள!" என்று கத்தினார் அப்பா.

படையலுக்குச் செய்வதை முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். முதலில் போனவர்கள், அப்புறம் காக்கா, அதற்கப்புறம்தான் நாம். நான் ராமோனுக்கு விளக்கிச் சொன்னேன். அவன் கரண்டியைப் பிடித்தபடியே நின்றான்.

"ருசி பார்க்காமல் எப்படி அம்மாவுடையது போல வரும்? எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே?"

அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "எச்சில் பண்டத்த எப்படிம்மா அவங்களுக்கு வைக்கிறது? ஏற்கெனவே ஒரு தப்பு பண்ணிட்டேன். இன்னொன்னு வேணாம்."

இந்தக் கடைசி இரண்டு வரியை நான் மொழிபெயர்க்கவில்லை. ராமோன் அவர் முகத்தைப் பார்த்தான். கரண்டியைக் குழாயடியில் கழுவி வைத்துவிட்டான்.

அம்மா அவனைத் தேற்றினாள். "நான் இருவது வருஷமா மாமனாருக்குப் படையல் போடறன், ஒரு நாளு சாம்பார வாயில வச்சதில்ல. கொதிக்கிற வாசனையிலயே உப்பு தெரியும் தம்பி." அடுப்பில் குனிந்து முகர்ந்துவிட்டு, "இதுக்கு இன்னும் ஒரு கை சர்க்கர," என்றாள். அவனும் குனிந்து முகர்ந்தான். ஆமாம் என்று தலையாட்டினான். இரண்டு பேரும் வாணலிக்கு மேலே தலையோடு தலை முட்ட மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

மாவு அவன் பொறுப்பு. பிசைந்து, நடுவில் வெண்ணெயை வைத்து மூடி, அம்மாவின் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, மூன்றாக மடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்து, மறுபடி தேய்த்து மடித்தான். சாயங்காலம் வரை அதே வேலை. டாம்பாவில் ஏ.சி. போட்டுக்கொண்டு செய்கிற வேலை இது. இங்கே ஃபேனை நிறுத்தினால் இவன் உருகுகிறான், போட்டால் மாவு காய்கிறது. அம்மா நடுவில் இரண்டு தரம், "பேசாம சோமாசி மாதிரி எண்ணெய்ல போட்டு எடுத்துடலாமா தம்பி?" என்று கேட்டுப் பார்த்தாள்.

அவனுக்கு அந்த எண்ணமே ஆகாது. சுடத்தான் வேண்டும். வீட்டில் ஓவன் இல்லை. முட்டை பப்ஸுக்குப் பேர்போன பேக்கரி ஒன்று மெயின் பஜார் பக்கம் இருக்கிறது. படையலன்று காலை முதல் ஈடு பப்ஸ் எடுத்ததும் எங்கள் தட்டை உள்ளே தள்ளுவதாக அங்கிருந்த மாஸ்டர் ஒத்துக்கொண்டார். குறிஞ்சிப்பாடிக்காரர். மறுநாள் காலை, சதுரம் சதுரமாக வெட்டி, கொய்யா வைத்து மூடியிருந்த மாவை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மடிப்பு நல்லாதான் உழுந்திருக்குது. உள்ள என்னா, கொய்யாவா? கொய்யாவுல யாருங்க பப்ஸ் போடுவாங்க?"

"அவங்க ஊர்ல போடுவாங்க மாஸ்டர்."

"அப்ப அவங்க ஊர்ல முட்ட என்னா வெல?" என்று கேட்டுவிட்டுத் தட்டை உள்ளே தள்ளினார்.

கால் மணி நேரத்தில் தட்டு வெளியே வந்தது. ராமோன் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தான். ஒவ்வொன்றும் புஸ்ஸென்று எழும்பி, பொன்னிறமாகி, ஓரத்தில் கொய்யா கசிந்து பளபளத்தது. அவன் அம்மா செய்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்வைக்கு அச்சு அசல் அதுவே. மாஸ்டருக்கும் பெருமை தாங்கவில்லை. அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றை உடைத்து, துண்டை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயோ மாஸ்டர், படையலுக்கு!" என்று அலறினாள் அம்மா.

அவர் சூடுபட்டது போலத் துண்டைத் தட்டில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நடுப்பகலுக்குள் எல்லாம் தயார். ஹாலில் மிர்த்தாவின் படம், மாலையோடு. ஸ்டூடியோவில் போனைக் கொடுத்து பிரிண்ட் போட்டு வாங்கியது. படத்தில் அவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்துப் படையல் படங்களில் யாரும் இப்படிப் பல் தெரியச் சிரிப்பதில்லை. இலையில் சோறு, சாம்பார், வடை, பாயசம், நடுவில் ஆறு பாஸ்தெலீத்தோ. பக்கத்தில் சின்ன டம்ளரில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட கறுப்புக் காப்பி. அப்பா கற்பூரம் காட்டினார். ராமோன் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு விழுந்து கும்பிட்டான். வேட்டி அவிழாமல் இருக்க பெல்ட் போட்டிருந்தான்.

பிறகு சோற்றோடு ஒரு பாஸ்தெலீத்தோவை உதிர்த்துப் பின்பக்கச் சுவரில் வைத்தார் அப்பா. "கா, கா," என்று கூப்பிட்டார்.

காக்கா வரவில்லை.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மற்ற நாளில் அம்மா கையிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற காக்காக்கள். எதிர் பிளாக்கில் கத்துகிற சத்தம்கூடக் கேட்டது. ஒன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. ராமோனும் சேர்ந்து கூப்பிட்டான். அவன் கூப்பிட்டது காக்காவுக்கே புரிந்திருக்காது.

அப்பா கூப்பிடுவதை நிறுத்தினார். காக்கா எடுக்கவில்லை என்றால் போனவருக்கு மனக்குறை என்று அர்த்தம். அவர் சுவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"சம்பந்தியம்மா, நான்தாங்க தப்பு பண்ணிட்டேன். உங்களுக்கு ஒடம்பு முடியலன்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா புள்ளய கூப்பிட்டே இருக்க மாட்டேன். இங்க எல போட்டு தின்னுகினு இருந்தோம், நீங்க அங்க புள்ள மொகம் பாக்காம போய்ட்டீங்க. கோவம் இருந்தா என் மேல வச்சிக்கிங்க. அவன் கையால செஞ்சத ஒரு வாய் எடுத்துக்கிங்க."

அறுபதை நெருங்கும் மனிதர், தோள் குலுங்க அழுதார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொல்கிறார்?" என்றான் ராமோன்.

இந்தத் தடவை எதையும் விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"அவரிடம் சொல். அம்மா என்னோடு கடைசியாகப் பேசியதே ஆஸ்பத்திரியில் இருந்துதான். கல்யாணத்துக்கு முதல் நாள். வீட்டில் இருப்பதாகப் பொய் சொன்னாள். கல்யாணம் முடியும்வரை என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒரு தகப்பன் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற நாளில் அவன் குடும்பம் மொத்தமும் கூட நிற்க வேண்டும், என் மகனும் அந்தக் குடும்பம்தான் என்றாளாம். அடக்கம் செய்த அன்றுதான் அக்கா எனக்குச் சொன்னாள். ஒரு வருடமாக எனக்கு அம்மா மேல்தான் கோபம். உன் அப்பா மேல் இல்லை. ஒருநாளும் இல்லை."

ஆறு வருடம் கூட வாழ்கிறேன், எனக்கே இது புதிது. அப்பாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் குரல் உடைந்தது. அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "எனக்காகவா?" என்றார். "அந்தம்மா என்ன நேர்ல பாத்ததுகூட இல்லியே."

ராமோன் உள்ளே போய் இலையிலிருந்து ஒரு பாஸ்தெலீத்தோவை எடுத்து வந்தான். "என் அம்மா யாரையும் பசியோடு காத்திருக்க விட்டதில்லை," என்று சொல்லி, அதைப் பிட்டு, அப்பாவின் வாயருகே நீட்டினான். சுவரில் சோறு அப்படியே இருந்தது. இரண்டு நாளாக யாரையும் ஒரு துளி நக்கவிடாத மனிதர் அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குழந்தை போல வாயைத் திறந்தார்.

மென்றார். மெல்வது நின்றது. கண் அகலமாகியது. "நல்லாருக்கு மாப்ள," என்று கஷ்டப்பட்டு விழுங்கினார்.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். "அய்யய்யோ, உப்பு!"

அப்புறம்தான் விசாரணை நடந்தது. அவன் பிசைய வருமுன்னே மைதாவில் அம்மா உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். அது தெரியாமல் ராமோனும் போட்டிருக்கிறான். அவன் டாம்பாவில் வாங்குவது உப்பில்லாத வெண்ணெய். இங்கே வாங்கி வந்த பாக்கெட் வெண்ணெயிலேயே உப்பு. மூன்று உப்பு, ஒரு நாக்குகூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. காக்கா ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது போல இருந்தது. அம்மா முறைத்ததால் சொல்லவில்லை.

ராமோன் மீதியைத் தன் வாயில் போட்டான். முகத்தைச் சுளித்தான். சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பா பக்கத்தில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தியம்மா செஞ்சா இப்படியா இருக்கும்?" என்று கேட்டார் அப்பா.

"இல்லை," என்றான் ராமோன். "இப்படி இல்லவே இல்லை. அம்மா..."

பேசத் தொடங்கிவிட்டான். கொய்யா கிளறும்போது அவர் பாடுகிற பாட்டு, இவன் நாக்கில் தடவிப் பார்த்துவிட்டு இறக்குகிற பதம், மாவு மடிக்கும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற தேடல். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் அவனை அறியாமல் இங்கிலீஷிலிருந்து ஸ்பானிஷுக்கு மாறிவிட்டான். என் ஸ்பானிஷ் காய்கறி வாங்குகிற அளவுதான். அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

"அப்பா, இப்ப அவர் சொல்றது எனக்கே புரியலப்பா."

அப்பா ராமோன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ கொஞ்சம் சும்மா இரு மலரு," என்றார். "எனக்குப் புரியுது."